பச்சைச் சான்றிதழும் ஒரு வாளித் தண்ணீரும்: வாசகர் கேள்விகள்

வளரும் நாடுகளில் வீடும் கட்டடமும் நகரமும் நீடித்து நிலைக்கிற மாதிரி வளர எது உதவுகிறது, எது காலை வாருகிறது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததில் பாதி 'எந்தக் கல் வாங்கலாம்' ரகம். அவற்றை இன்னொரு இதழில் பார்ப்போம். மீதியில் சில இங்கே.

கேள்வி: எனக்குக் கொடுத்திருக்கும் செமினார் தலைப்பே இதுதான். பாடப்புத்தகத்தில் பொருளாதாரம், சமூகம், சுற்றுச்சூழல், நிர்வாகம் என்று நான்கு கட்டம் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். இந்த நான்கில் எது முக்கியம் ஐயா? (கட்டடப் பொறியியல் இறுதியாண்டு மாணவி)

பதில்: நான்கு கட்டமும் சரிதான், எழுதினால் மதிப்பெண் வரும். ஆனால் ஒரு கட்டடம் எப்படி இருக்கப்போகிறது என்பது முடிவாகும் இடத்தில் போய் நின்று பாருங்கள், அங்கே மூன்று பேர்தான் இருப்பார்கள். காசு போடுபவர், கட்டுபவர், பின்னால் அதில் குடியிருந்து கரன்ட் பில் கட்டுபவர். மூவரும் வேறு வேறு ஆளாக இருக்கும்வரை வெயிலைத் தடுக்கும் கூரைக்கோ, தண்ணீரைச் சேமிக்கும் குழாய்க்கோ யாரும் கூடுதலாகச் செலவு செய்யமாட்டார்கள். வாடகைக்கு விடப்போகிறவர் எதற்காக அடுத்தவன் மின்கட்டணத்தைக் குறைக்கக் கைக்காசைப் போடவேண்டும்? இது பணக்கார நாடுகளிலும் உண்டு. அங்கே விதி, கடன், காப்பீடு என்று நாலு பக்கமும் கட்டிப்போட்டுக் கொஞ்சம் சமாளித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வளரும் நாடுகளில் இன்னொரு சங்கதி. அங்கே நகரத்தின் பெரும்பகுதியைக் கட்டுவது அரசும் இல்லை, பெரிய கம்பெனியும் இல்லை. குடும்பங்கள்தான், கையில் காசு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. கெய்ரோவின் புறநகர் ஆகட்டும், லிமாவின் மலைச்சரிவு ஆகட்டும், மொட்டை மாடியில் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாடி என்றைக்காவது வரும் என்ற நம்பிக்கை அது. அந்த 'என்றைக்காவது' வருவதற்குள் கம்பி துருப்பிடித்துவிடும். துருவேறிய கம்பியில்தான் அடுத்த தூண் ஏறும். வீட்டுக் கடன் கிடையாது, கிடைத்தாலும் வட்டி தாங்காது, நிலத்துக்குப் பத்திரம் கிடையாது, நாளைக்கே புல்டோசர் வரலாம் என்ற பயம் வேறு. இந்த நிலைமையில் இருப்பவரிடம் முப்பது வருடத்தில் லாபம் தரும் விஷயத்தைப் பேசினால் அவர் சிரிக்கத்தான் செய்வார். ஐ.நா. கணக்குப்படி உலகில் சுமார் 110 கோடிப் பேர் குடிசைப் பகுதிகளிலோ அது மாதிரி உரிமையில்லாத இடங்களிலோ வாழ்கிறார்கள்.

அதனால் என்னைக் கேட்டால் நில உரிமையையும் கடனையும் முதலில் வைப்பேன், தொழில்நுட்பம் அப்புறம். சிலியில் இகீக்கே நகரத்தின் நடுவில் 'கின்டா மொன்ரோய்' என்ற இடம். அங்கே பட்டா இல்லாமல் முப்பது வருடமாக இருந்த நூறு குடும்பம் போல. ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர்தான் மானியம், அதற்குள் நிலம், கட்டடம், குழாய் எல்லாம் முடியவேண்டும். சிலியின் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு 2004-இல் அங்கே பாதி வீட்டைத்தான் கட்டிக்கொடுத்தது. சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பலமான சுவர் என்று ஒரு குடும்பம் தானாகச் செய்துகொள்ளக் கஷ்டமான பகுதி எல்லாம் அந்தப் பாதியில் வந்துவிட்டது. மீதிப் பாதி காலி இடம், குடும்பங்கள் தங்கள் வசதிப்படி நிரப்பிக்கொண்டன. பாதி வீடு என்ற யோசனையைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களை ஊருக்கு வெளியே விரட்டாமல், விலை கூடினாலும் அதே நிலத்தில் வைத்தது. வேலையும் பள்ளிக்கூடமும் நடை தூரத்திலேயே இருந்தன. செமினாரில் இந்த ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு நான்கு கட்டத்தையும் அதிலேயே காட்டலாம்.

கேள்வி: சிமென்ட்தான் வில்லன், எல்லோரும் மண் வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று ஒரு கூட்டம் பேசுகிறது. ஒத்துக்கொள்கிறீர்களா? (வீடு கட்டத் தயாராகும் வாசகர்)

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் சிமென்டின் பங்கு 7, 8 சதவீதம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் சூளைக்குப் போடும் எரிபொருளால் வருவதே இல்லை, சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வாயு வெளியேறுகிறது. சூளையைச் சூரிய ஒளியில் ஓட்டினாலும் இது நிற்காது. அதனால் சிமென்டுக்குள் போகும் கிளிங்கரின், அதாவது அப்படிச் சுட்டெடுத்த கட்டியின், அளவைக் குறைப்பதுதான் வழி. சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா மூன்று நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து கொண்டுவந்த எல்சி3 என்ற கலவையில் கிளிங்கர் பாதிதான், மீதி சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புத் தூளும். கிளிங்கருக்குச் சூளை 1,450 டிகிரி வரை ஏறவேண்டும், இந்தக் களிமண்ணுக்கு 800 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். வெளியேற்றம் 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது. இதற்குத் தோதான களிமண் வெப்ப மண்டல நாடுகளில்தான் கொட்டிக்கிடக்கிறது, அதாவது இனிமேல் அதிகம் கட்டப்போகும் நாடுகளில். இந்தியாவில் இதற்கான தர விதி 2023-இல் வந்துவிட்டது. தர விதி வருவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அது இல்லாமல் எந்த அரசு டெண்டரிலும் ஒரு மூட்டைகூட நுழையாது.

மண்ணைப் பற்றி இரண்டு கதை சொல்கிறேன். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக் கலைஞர் 1940-களில் லக்சர் பக்கத்தில் 'புதிய குர்னா' என்று மண் கட்டிகளால் ஒரு கிராமத்தையே எழுப்பினார். மரச் சட்டம் இல்லாமலே மண் கட்டியில் வளைகூரை எழுப்பும் நூபியப் பழைய வித்தை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பண்டைய கல்லறைகள்மேல் குடியிருந்தவர்களை அரசு அங்கே மாற்ற நினைத்தது, அந்த மக்களின் பிழைப்போ அந்தக் கல்லறைகளை ஒட்டியே நடந்துகொண்டிருந்தது. பெரும்பாலோர் வர மறுத்துவிட்டார்கள். கட்டடத்தில் குறை கண்டவர்களும் உண்டு, குவிமாடம் சமாதியை நினைவுபடுத்துகிறது என்றார்கள். அடிப்படைக் கோளாறு என்னவென்றால் இடம் மாற விருப்பமா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இன்னொன்று புர்கினா ஃபாஸோவில் காண்டோ என்ற சின்னக் கிராமம். அந்த ஊர்ப் பையன் பிரான்சிஸ் கெரே பெர்லினில் படித்துக்கொண்டிருக்கும்போதே காசு திரட்டி 2001-இல் ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். சுவர், உள்ளூர் மண்ணில் கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்திய கல். மண் மழையில் கரைந்துவிடுமே என்று ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம், நியாயமான சந்தேகம். அதற்குப் பதில் அவர் போட்ட கூரையில் இருக்கிறது. கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து தகரக் கூரையைத் தனியாகத் தூக்கி, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீட்டிவிட்டார். மழை சுவரில் படாது, தகரத்தின் சூடு கீழே இறங்காது, நடுவில் காற்று ஓடும். அந்தக் கூரையைத் தாங்குவது கிரேன் வைத்துத் தூக்கும் பெரிய இரும்பு உத்தரம் இல்லை, கான்கிரீட்டில் போடும் சாதாரணக் கம்பியை அறுத்துப் பற்றவைத்த மெல்லிய சட்டம். ஒரு ரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும் இருந்தால் போதும், ஊர் இளைஞர்களே கற்றுக்கொண்டு செய்தார்கள். கெரேவுக்கு 2022-இல் கட்டடக் கலையின் பெரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. மண் என்பதால் ஜெயித்தது என்று சொல்லமாட்டேன், அந்தத் தகரமும் கம்பியும் கொஞ்சம் சிமென்டும் இல்லாவிட்டால் அந்த மண் நின்றிருக்காது.

கேள்வி: விதி இருக்கிறது, ஆனால் எவரும் பின்பற்றுவதில்லை. அப்படியிருக்க 'பசுமைக் கட்டட விதி' என்று இன்னொன்றைக் கொண்டுவந்து என்ன பிரயோஜனம்? (சைட் சூப்பர்வைசர்)

பதில்: கோபம் புரிகிறது. 2010-இல் ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டு பூகம்பம் வந்தன. ஜனவரியில் ஹெய்ட்டியில் 7.0, பிப்ரவரியில் சிலியில் 8.8. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் பல நூறு மடங்கு அதிகம். ஆனால் சிலியில் இறந்தவர்கள் சுமார் 500 பேர், அதிலும் பலரைக் கொண்டுபோனது சுனாமி. ஹெய்ட்டியில் எத்தனை பேர் என்பதில் இன்றும் தகராறு இருக்கிறது, எந்தக் கணக்கைப் பார்த்தாலும் பல்லாயிரம். ஹெய்ட்டியில் அதிர்வு தலைநகருக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாமல் வந்தது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு நியாயமில்லை. ஆனாலும் மீதி வித்தியாசம் கட்டடங்களில்தான். ஹெய்ட்டியில் நாடு முழுவதற்கும் பொதுவான கட்டட விதி என்று ஒன்று அப்போது நடைமுறையில் இருக்கவில்லை. சிலியில் விதி இருந்தது, அதைவிட முக்கியமாக, கட்டடத்தின் உறுதியில் குறை வந்தால் முதலில் விற்றவர் பத்து வருடத்துக்குப் பொறுப்பு என்று சட்டம் இருந்தது. விற்றவர் பயந்தால் அவர் வைத்திருக்கும் பொறியாளரும் ஒழுங்காக வருவார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்க்கவேண்டியதில்லை.

இடிந்து விழும் கட்டடத்தைவிடச் சூழலுக்குக் கேடான கட்டடம் உண்டா? அதில் போட்ட சிமென்ட், கம்பி, மணல், டீசல் அத்தனையும் வீண், மறுபடி முதலிலிருந்து கட்டவேண்டும். உயிர் போனதை எதில் சேர்ப்பது. 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா என்ற கட்டடம் விழுந்து 1,100-க்கும் மேல் இறந்தார்கள். மேல் மாடிகள் அனுமதியில்லாமல் ஏற்றியவை. முந்தின நாளே விரிசல் தெரிந்தது, அதில் இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது, தையல் தொழிலாளர்களைத்தான் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். விதிப் புத்தகம் வங்கதேசத்திலும் இருந்தது.

நீங்கள் சைட்டில் இருப்பவர் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். தூணின் நேர்க் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையமான ரிங்கின் முனையை 135 டிகிரி வளைத்து உள்ளே மடக்கவேண்டும், நேரம் மிச்சம் என்று 90-இல் நிறுத்திவிட்டால் பூகம்பத்தில் ரிங் அவிழ்ந்துகொள்ளும். வளைக்க இரண்டு விநாடி கூடுதல், காசு ஒன்றுமே இல்லை. கலவையில் தண்ணீரும் அப்படித்தான். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று வடிவமைப்பில் இருக்கும், ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் அதற்குள் அடக்கம். கலவை இறுகியிருக்கிறது, இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வாளி தூக்கி ஊற்றுகிறார்களே, அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் பலம் போய்விடும். அந்த ஆளைத் திட்டிப் பயனில்லை, ஒரு நாளைக்கு இவ்வளவு சதுர அடி போட்டால்தான் கூலி என்று பேசி வைத்திருந்தால் யாராக இருந்தாலும் தண்ணீர் ஊற்றத்தான் செய்வார். புதிய பசுமை விதி எழுதுவதற்கு முன் அந்தக் கூலிப் பேச்சை மாற்ற முடியுமா, மேஸ்திரிக்கு நாலு நாள் கூலியோடு பயிற்சி கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம்.

கேள்வி: எங்கு பார்த்தாலும் கண்ணாடிச் சுவர் அலுவலகம். ஏ.சி. இல்லாமல் பெரிய கட்டடம் சாத்தியமே இல்லையா? (மென்பொருள் ஊழியர்)

பதில்: சாத்தியம், இடத்தைப் பொறுத்து. ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் ஈஸ்ட்கேட் சென்டர் என்று கடைகளும் அலுவலகங்களும் உள்ள பெரிய வளாகம், 1996-இல் மிக் பியர்ஸ் வடிவமைத்தது. வழக்கமான ஏ.சி. கிடையாது. இரவுக் குளிர் காற்றை விசிறி வைத்து, தளத்துக்குள் விட்டிருக்கும் இடைவெளிகள் வழியாக ஓட்டிக் கான்கிரீட்டைக் குளிர வைத்துவிடுவார்கள், பகலில் அந்தக் குளிர்ச்சி அறைக்குள் மெல்ல இறங்கும். கேட்க அருமையாக இருக்கிறதல்லவா, அதை அப்படியே கடலோர நகரத்தில் கட்டினால் வேலை செய்யாது. ஹராரே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ராத்திரி நன்றாகக் குளிரும். கடற்கரையில் ராத்திரியும் புழுங்கும், காற்றில் ஈரம் வேறு. அங்கே நிழலும், மேலே ஃபேனும், எதிரெதிர் ஜன்னலும்தான் முதல் வைத்தியம், அதற்குப் பிறகுதான் சின்ன ஏ.சி.

கண்ணாடி ஏன் இவ்வளவு பரவியது என்றால், முன்னேறிய நாடு மாதிரி தெரியவேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பல கல்லூரிகளில் பாடமே குளிர்ப் பிரதேசக் கட்டடங்களைப் பார்த்து எழுதியது. லண்டனில் வெயிலை உள்ளே விடத்தான் கண்ணாடி. நிலநடுக்கோட்டுப் பக்கம் அதையே வைத்து, உள்ளே திரை போட்டு மூடி, விளக்கையும் ஏ.சி.யையும் போட்டுக்கொள்கிறோம். திரைச்சீலை உள்ளே இருந்தால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம், தடுப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்கவேண்டும். சர்வதேச எரிசக்தி முகமை 2018-இல் போட்ட கணக்கில் அப்போது உலகில் 160 கோடி ஏ.சி., இப்படியே போனால் 2050-இல் 560 கோடி. புதிதாக வருவதில் பெரும்பகுதி வளரும் நாடுகளில்தான். வெயிலில் வேகும் மக்களுக்கு ஏ.சி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, ஏ.சி. குறைவாக ஓடினால் போதும் என்கிற மாதிரிச் சுவரும் கூரையும் கொடுக்கலாமே.

கேள்வி: பசுமைச் சான்றிதழ்கள் எல்லாம் ஏமாற்றா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

பதில்: ஏமாற்று இல்லை, எல்லை சின்னது. உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. நடத்தும் 'எட்ஜ்' சான்றிதழ் வளரும் நாடுகளை மனதில் வைத்துச் செய்தது, எரிசக்தி, தண்ணீர், கட்டுமானப் பொருள் தயாரிப்பால் வரும் சுமை மூன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்டவேண்டும். வங்கிக் கடன் வாங்க உதவுகிறது என்பதால் நல்லதுதான். ஆனால் இவை போய்ச் சேர்வது பெரிய கட்டடங்களுக்கு, மேலே சொன்ன கம்பி நீட்டிய மொட்டை மாடிகளுக்கு எந்தச் சான்றிதழும் வராது. ஒரு வரி தாண்டிவிட்டது, மன்னிக்கவும்.

கேள்வி: அரசு ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் வீடு கட்டிக் கொடுக்கிறது. இதைக்கூடக் குறை சொல்வீர்களா? (உள்ளாட்சி உறுப்பினர்)

பதில்: சொல்வேன், கோபிக்காதீர்கள். மெக்சிகோ 2000-க்குப் பிறகு வீட்டுக் கடனை அள்ளிக்கொடுத்து நகரத்துக்கு வெகுதூரத்தில் லட்சக்கணக்கில் வீடுகள் எழும்ப வைத்தது. தூரத்தில் நிலம் மலிவு, அதனால் வீடும் மலிவு. ஆனால் குடும்பம் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு, வழியில் போன மணிநேரம், இதெல்லாம் அந்த விலைப் பட்டியலில் இல்லை. 2010 கணக்கெடுப்பில் நாடு முழுக்க சுமார் 50 லட்சம் வீடுகள் காலி. காரணம் பல உண்டு, எல்லாம் இந்தத் திட்டத்து வீடுகளும் இல்லை. ஆனால் தூரத்துக் குடியிருப்புகளில் தெருத்தெருவாகக் கைவிட்டுப் போனது உண்மை. ஆளில்லாத வீட்டுக் கூரையில் சூரிய ஹீட்டர் இருந்து யாருக்கு என்ன?

மாற்று வழி ரொம்பப் பழையது. இந்தூரில் 1980-களில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி திட்டமிட்ட ஆரண்யா குடியிருப்பில், ஏழைக் குடும்பங்களுக்குச் சின்ன மனை, அதில் அடித்தளம், கழிப்பறை, தண்ணீர் இணைப்பு. அதற்கு மேல் அவரவர் சக்திக்கு. வசதியானவர்களுக்கும் அதே குடியிருப்பில் மனை வைத்து விற்று, அந்த லாபத்தை ஏழை மனைகளுக்குத் திருப்பினார்கள்.

உங்கள் பதவிக்கு இன்னும் பொருத்தமானது பாகிஸ்தானில் கராச்சியின் ஒராங்கி என்ற ஏழைக் குடியிருப்பு. 1980-இல் சமூகப் பணியாளர் அக்தர் ஹமீது கான் அங்கே போனபோது கழிவுநீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அரசு செய்யும் என்று காத்திருந்தவர்களிடம், இருபது முப்பது வீடு உள்ள ஒரு சந்தே சேர்ந்து காசு போட்டுத் தங்கள் சந்துக்குக் குழாய் பதித்துக்கொள்ளச் சொன்னார், வரைபடமும் அளவும் மட்டும் அவருடைய குழு கொடுத்தது. பெரிய வாய்க்காலும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் இடையில் இல்லாததால் செலவு ஒரு சின்னப் பங்காகக் குறைந்தது. குழாய் அடைத்தால் யார் எடுப்பது என்ற பிரச்சினையும் தீர்ந்தது, அவர்கள் போட்ட குழாய், அவர்களே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அடுத்த திட்ட மதிப்பீட்டில் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்குப் பொறுப்பு எந்தத் துறை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாலைவனத்தில் அவ்வளவு மணல் இருக்க, ஆற்றை ஏன் தோண்டுகிறார்கள்? (பள்ளி ஆசிரியை)

பதில்: பாலைவன மணலைக் காற்று உருட்டி உருட்டி வழவழப்பாக்கிவிட்டது, ரொம்பப் பொடி வேறு, சிமென்டோடு சரியாகப் பிடிக்காது. உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம். ஆறு அதே வேகத்தில் திரும்பக் கொண்டுவராது. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் ஒழுங்காகக் கழுவிச் சலித்தது என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். இடித்த கான்கிரீட்டைப் பொடித்தும் கொஞ்சம் சேர்க்கலாம்.

கேள்வி: சின்ன வீடுதான் கட்டுகிறோம். கையில் கூடுதலாகக் கொஞ்சமே கொஞ்சம் காசு. எதில் போடுவது? (இல்லத்தரசி)

பதில்: அம்மா, சோலார் பேனல் பிறகு வாங்கிக்கொள்ளலாம், கான்கிரீட்டுக்குள் போவதைப் பிறகு மாற்ற முடியாது. கம்பிக்கும் அச்சுப் பலகைக்கும் நடுவில் இடைவெளிக்காக வைக்கும் சின்னக் கட்டியான கவர் பிளாக்கை எண்ணி வாங்குங்கள். அந்த இடைவெளி தூணில் 40 மில்லிமீட்டர், தளத்தில் 20 இருக்கவேண்டும், உப்புக் காற்று அடிக்கும் இடம் என்றால் இன்னும் கூட. ஜல்லித் துண்டை வைத்து ஒப்பேற்ற விடாதீர்கள், அது நழுவினால் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும், பத்து வருடத்தில் கூரை உதிரும். தளம் போட்ட பிறகு குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள், விடாமல் ஈரமாக வைத்திருங்கள், ஈரச் சாக்கு போட்டால் தண்ணீரும் மிச்சம். மேற்கு ஜன்னல்களைச் சின்னதாக்கி வெளிப்பக்கம் நிழல் கொடுங்கள். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டியிருக்கும்.